சப்பாத்தி என்ற சாக்கு

ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே பல தமிழ் வீடுகளில் ஒரு சடங்கு நடந்துவிடுகிறது. இரவுச் சாப்பாட்டிலிருந்து சாதம் விலக்கப்படும். அந்த இடத்தில் நான்கு சப்பாத்தி வந்து உட்காரும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலாவுடன். காப்பியில் வெள்ளைச் சர்க்கரை போய் நாட்டுச் சர்க்கரை. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பரிசோதனை செய்தால் அளவு இறங்கியிருக்காது. 'சாதத்தையே தொடுவதில்லையே' என்று அங்கலாய்க்கிறார் நோயாளி.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 100 கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 30 கிராம் கோதுமை மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம். நான்கு சப்பாத்தி என்றால் 80 கிராம். அதாவது, கிட்டத்தட்ட 300 கிராம் சாதம் சாப்பிட்டதற்குச் சமம். உருளைக்கிழங்குக் கணக்கு தனி. முழுக் கோதுமையில் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மைதான். அதனால் சர்க்கரை ஏறும் வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் மாவு மாவுதான். கடைசியில் குளுகோஸாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. நாட்டுச் சர்க்கரையும் தேனும்கூட அப்படியே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வும் இதையே சொல்கிறது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் அறிவித்த அதே ஆய்வு, 2025இல் சாப்பாட்டுத் தட்டைப் பற்றிப் பேசியது. இந்தியர்கள் உண்ணும் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை விட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தைச் சேர்த்தவர்களுக்கே அபாயம் குறைந்திருந்தது. கோதுமைதான் காப்பு என்றால், சப்பாத்தி ஊரான சண்டிகரில் 20.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே சாதத்தை நாடு கடத்த வேண்டாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கில் சாதமோ சப்பாத்தியோ. தென்னிந்தியச் சமையலில் சிக்கல் அந்த இரண்டாவது கால் பங்கில்தான். பல வீட்டு சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டு, சுண்டல், பயறு ஆகியவை பண்டிகை நாளோடு நின்றுவிடாமல் தினமும் தட்டுக்கு வர வேண்டும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிட நடையும் உதவும்.

எது யாருக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை வீட்டிலுள்ள குளுகோமீட்டரே சொல்லிவிடும். சாப்பிடும் முன் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. பிந்தைய அளவு 180 மில்லிகிராமுக்குள் இருப்பது பெரும்பாலோருக்கு இலக்கு. சத்தானது என்று நம்பிக் குடித்த கேழ்வரகுக் கஞ்சி எகிற வைத்திருப்பதைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

இன்னொரு கோடிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பயந்துபோய் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுவார்கள்; ஏகாதசி விரதம் இருப்பார்கள்; மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்குவார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது ஆபத்து. முதியவர்களுக்கு இன்னும் அதிகம். உணவைக் குறைக்கும் முன்பே மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.