ஒரே இன்ஜினுக்கு இரண்டு ஹெச்.பி ஏன்?

“அமெரிக்காவில் ஒரே பெட்ரோல் இன்ஜினை ஒரு வண்டியில் 430 ஹெச்.பி என்றும், இன்னொரு வண்டியில் 350 ஹெச்.பி என்றும் விற்கிறார்களாம். செல்போனில் பார்த்துவிட்டு மகன் சொல்கிறான். அப்படியானால், ஓடையில் தண்ணீர் இறைக்கும் எங்கள் 5 ஹெச்.பி பெட்ரோல் இன்ஜினையும் சுற்றைக் கூட்டி 7 ஹெச்.பி ஆக்கலாமா? ஒர்க்‌ஷாப்பில் முடியும் என்கிறார்கள்” என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

மகன் சொல்வது உண்மைதான். ஃபோர்டு நிறுவனத்தின் 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 2020-ம் ஆண்டு மாடலில் அறிமுகமானது. எஃப்-250 பிக்கப் டிரக்கில் அதன் சக்தி 5,500 சுற்றில் 430 ஹெச்.பி. படுக்கை, சமையலறையோடு ஓடும் மோட்டார்ஹோம் வண்டிக்கான எஃப்-53 சேஸிஸில் அதே இன்ஜின் அறிமுகமானபோது 3,900 சுற்றில் 350 ஹெச்.பி.

ஆனால், இழுவையைக் காட்டும் ‘டார்க்’ அளவைப் பாருங்கள். அறிமுகமானபோது டிரக்கில் சுமார் 644 நியூட்டன் மீட்டர். மோட்டார்ஹோமில் சுமார் 634. பெரிய வித்தியாசமில்லை. டார்க்கை நிமிடச் சுற்றால் பெருக்கி, 7,120-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் ஹெச்.பி. சுற்றைக் குறைத்ததால் ஹெச்.பி குறைந்திருக்கிறது, இழுவை குறையவில்லை.

ஏன் குறைத்தார்கள்? பிக்கப் டிரக் பல நாள் காலியாக ஓடும். முழு சக்தி எப்போதாவதுதான் தேவைப்படும். மோட்டார்ஹோம் வீட்டையே சுமந்துகொண்டு, சுவர் போன்ற முகப்பால் காற்றைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். எஃப்-53 சேஸிஸின் மொத்த எடை சுமையோடு 11,800 கிலோ வரை போகும். ஓய்வில்லாமல் உழைக்கும் இன்ஜினுக்குச் சூடுதான் எமன். அதனால்தான் உச்ச சுற்றைக் கட்டிப் போடுகிறார்கள்.

தண்ணீர் இறைக்கும் இன்ஜினும் இந்த இரண்டாவது ரகம்தான். ஓட ஆரம்பித்தால் முழுச் சுமையில் பல மணி நேரம் ஓடும். அதிலும் காற்றால் குளிரும் சின்ன இன்ஜின். கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி 3,600 சுற்றை 3,960 ஆக்கினால், அதாவது 10 சதவிகிதம் கூட்டினால், தண்ணீர் தோராயமாக 10 சதவிகிதம்தான் கூடும். ஆனால், பம்ப் கேட்கும் சக்தி 33 சதவிகிதம் உயரும். 5 ஹெச்.பி கேட்ட பம்ப் 6.65 ஹெச்.பி கேட்கும். கனெக்டிங் ராடு மீது விழும் விசையும் 21 சதவிகிதம் கூடும். பயிர் காயும் நேரத்தில் இன்ஜின் ‘சீஸ்’ ஆனால், ரிப்பேர் செலவோடு வெள்ளாமையும் போகும்.

தண்ணீர் போதவில்லை என்றால் கவர்னரைத் தொடாமல் வேறு சிலவற்றைக் கவனியுங்கள். பம்பைத் தண்ணீருக்கு அருகில் இறக்கி வையுங்கள். உறிஞ்சும் உயரம் 6 மீட்டருக்குள் இருக்கட்டும். ஃபுட் வால்வில் அடைத்த குப்பையை எடுங்கள். குழாய் இணைப்புகளில் காற்று புகாமல் இறுக்குங்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள்.

அடுத்த முறை இன்ஜின் வாங்கும்போது ‘எத்தனை ஹெச்.பி?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சுற்றில் அந்த ஹெச்.பி, டார்க் எவ்வளவு, தொடர்ந்து ஓட்டினால் எத்தனை ஹெச்.பி தாங்கும் என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.