மோட்டாரைக் காக்கும் ரிலே மனிதரைக் காக்காது

திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கான உடன்படிக்கை 2025 ஏப்ரல் 5 அன்று கைச்சாத்தானது. சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் நிலையத்துக்கான வேலையும் அன்றுதான் தொடக்கிவைக்கப்பட்டது. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியோ எல்லா அரசாங்கங்களும் பேசியிருக்கின்றன. வரும் தொழில்கள் வரட்டும், வரவேற்போம். ஆனால் இந்த மாவட்டத்தில் ஈரக் கையோடும் ஈரக் காலோடும் ஏற்கெனவே மோட்டார்களின் அருகில் நின்று உழைப்பவர்கள் இருக்கிறார்கள். கரையோர ஐஸ் ஆலைகளில், கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து நெல் அவிக்கும் ஆலைகளில், படகு திருத்தும் பட்டறைகளில் அவர்களைக் காணலாம். அவர்கள் தொடும் ஒவ்வொரு மோட்டாருக்கும் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி கட்டாயமாக வேண்டும். அதன் எர்த்தை ஆண்டுக்கொரு முறை அளந்து பதிய வேண்டும். இதை ஆலைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவைக்கக் கூடாது.

"பாதுகாப்பு இருக்கிறதே, ஓவர்லோட் போட்டிருக்கிறோமே" என்று ஆலைக்காரர்கள் சொல்வார்கள். மனமறிந்து சொல்லும் பொய்யல்ல அது. பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். 10 குதிரைவலு மோட்டார் ஒன்று 400 வோல்ற்றில் ஏறத்தாழ 15 அம்பியர் இழுக்கும். ஓவர்லோட் ரிலே அந்த அளவுக்கே செற் பண்ணப்பட்டிருக்கும். சுற்றுக்கம்பி கருகாமல் பார்ப்பது அதன் வேலை. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி அம்பியர் போதும். 30 மில்லி அம்பியர் என்பது அந்த மோட்டாரின் கரண்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. அது ஒருவரின் உடல் வழியாக ஓடினால் ஓவர்லோட் ரிலேக்குத் தெரியவே தெரியாது. மோட்டார் அதுபாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும்.

"எர்த் கம்பி அடித்திருக்கிறோம்" என்பது அடுத்த பதில். இதை நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உயிர் போவது இந்த நம்பிக்கையில்தான். எங்கள் ஊர்களில் சாதாரண இணைப்பு எடுப்பவர் தன் எர்த் கம்பியைத் தானே நிலத்தில் இறக்குகிறார். அதன் தடை 10 ஓம், ட்ரான்ஸ்போமர் பக்கத்து எர்த்தின் தடையும் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேஸ் வயர் மோட்டாரின் உடலில் பட்டால் 230ஐ 20ஆல் வகுத்து, 11.5 அம்பியர் நிலத்துக்குள் ஓடும். 32 அம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. மோட்டாரின் உடல் 115 வோல்ற்றில் நிற்கும்; யாராவது கவனிக்கும்வரை, அல்லது யாராவது தொடும்வரை நிற்கும். நிலம் காய்ந்து கம்பியின் தடை 40 ஓம் ஆனால் கரண்ட் 4.6 அம்பியராகக் குறையும், உடலில் நிற்கும் மின்னழுத்தமோ 184 வோல்ற்றாக ஏறும்.

இதே கம்பியோடு 300 மில்லி அம்பியரில் விழும் கசிவு ரிலே ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அந்த 11.5 அம்பியரை அது கண்ட கணத்திலேயே லைன் துண்டிக்கப்படும். ரிலே பொறுத்துக்கொள்ளும் சிறு கசிவு 40 ஓம் கம்பியில் ஓடினாலும் உடலில் 12 வோல்ற்றுக்கு மேல் ஏறாது. ஆக, கம்பியும் ரிலேயும் சேர்ந்தே காக்கும். கையில் பிடிக்கும் கிரைண்டர், ட்ரில் போன்றவற்றுக்கு இதுவும் போதாது. அவற்றுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும்.

எங்கள் நிலமும் காற்றும் இதில் இரக்கம் காட்டுவதில்லை. கோணேசர் மலைப் பக்கம் போல் பாறை மேலெழுந்த இடங்களில் கம்பி ஆழமாக இறங்காது. வடகீழ்ப் பருவமழை பெய்த தையில் எர்த்தை அளந்தால் இலக்கம் அழகாக வரும். அதே கம்பி ஆவணியில் வேறு கதை சொல்லும். அளவை எடுக்க வேண்டியது நிலம் வெடித்துக் கிடக்கும் ஓகஸ்டில்தான். உப்புக் காற்று கிளாம்பையும் போல்ற்றையும் தின்கிறது. பெயின்ற் சுரண்டாமல் பனலில் முடுக்கிய எர்த் வயர் பார்வைக்கு மட்டுமே எர்த்.

கசிவு ரிலே பூட்டிய இடங்களிலும் அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. "அடிக்கடி விழுகிறது, ஐஸ் உருகுகிறது, மீன் பழுதாகிறது" என்கிறார்கள். நட்டம் உண்மையானது, அதை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் ரிலே விழுவதற்குக் காரணம் இருக்கும். எங்கோ ஒரு சந்திப்பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அல்லது பழைய மோட்டாரின் காப்பு ஈரம் குடித்திருக்கும். மூன்று பேஸ் வயரும், நியூட்ரல் இருந்தால் அதுவும், ரிலேயின் வளையத்துக்குள் போக வேண்டும். எர்த் வயர் வளையத்துக்கு வெளியே போக வேண்டும். அதையும் உள்ளே விட்டுவிட்டால் கசிவு போன வழியிலேயே திரும்பிவந்து, ரிலே குருடாகிவிடும். வேகம் மாற்றும் டிரைவ் பூட்டிய மோட்டாருக்கு அதற்கேற்ற வகை ரிலே தேவை. முழு ஆலைக்கும் ஒரே ரிலே வைக்காமல் மோட்டாருக்கொன்று வைத்தால், ஒரு பம்பின் பழுதுக்காகக் குளிரறை நிற்காது.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழில் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரியாக்கியது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையையே பிரித்தமைக்க வழி செய்தது. புதிய இணைப்புக்கு வயரிங் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்கள். பத்து வருடம் கழித்து, மோட்டார் இரண்டு ஆறாகிய பின், அந்த அறிக்கைக்கு என்ன பெறுமதி? மீற்றருக்கு அப்பால் நடப்பது வாடிக்கையாளரின் பாடு என்று மின்சாரம் விற்பவர் ஒதுங்குவதை நாம் ஏற்கவில்லை. சபை எத்தனை கம்பனிகளாகப் பிரிந்தாலும், மும்முனை இணைப்புள்ள ஈரமான வேலைத்தலம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் எர்த் அளவையும் ரிலே பரிசோதனையும் காட்டினால் மட்டுமே இணைப்புத் தொடரும் என்ற நிபந்தனை வர வேண்டும்.

சிறு ஆலைக்காரருக்கு இது சுமை என்பது நியாயமான கவலை. ஆகவே அளக்கும் வேலையை மாவட்டச் செயலகம் ஒழுங்குசெய்து, தேசியத் தொழிற்தகைமை பெற்ற மின்னியலாளரைக் கொண்டு குறைந்த கட்டணத்தில் செய்விக்கட்டும். திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர் அவர்களுடன் போய்ப் பழகட்டும். ரிலே வாங்க அரச வங்கிகள் சிறு கடன் தரட்டும். தொடக்கம் ஐஸ் ஆலைகளிலும் நெல் அவிக்கும் ஆலைகளிலும் இருக்கட்டும். வரும் ஓகஸ்டுக்குள் அந்த ஆலைகளின் பட்டியலாவது மாவட்டச் செயலாளரின் மேசையில் இருக்க வேண்டும்.