பூங்காவுக்குப் போக 45 கி.மீ. பயணமா? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிலாளர்களுக்கு எட்டாத பசுமை: காரணம் என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. பிள்ளைகளை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது வாராவாரம் வரும் கேள்வி. பழவேற்காடு, பூண்டி ஏரி என்று போகலாம். ஆனால் ஊஞ்சல், நடைபாதை, நிழல் எல்லாம் உள்ள பெரிய பூங்கா வேணும்னா, பெரும்பாலும் புறநகர் ரயில் ஏறி சென்னைக்குத்தான் வரணும்.

பெரிய பூங்காக்கள் எங்கே?

அரசு அமைத்த, அறிவித்த பெரிய பூங்காக்களில் சில நகரின் மையத்திலும் தெற்கிலும் உள்ளன.

• செம்மொழிப் பூங்கா: கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடம். 2010 நவம்பரில் திறக்கப்பட்டது.

• கலைஞர் நூற்றாண்டு பூங்கா: அதே சாலையில் 6.09 ஏக்கர், சுமார் ரூ.46 கோடி செலவு. 2024 அக்டோபர் 7-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார்.

• கிண்டி ரேஸ் கிளப் நிலம்: 1945-ல் 99 ஆண்டு குத்தகைக்கு விடப்பட்ட சுமார் 160 ஏக்கர். ரூ.730 கோடி வாடகை பாக்கி எனக் கூறி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. அதில் 118 ஏக்கர் பூங்காவுக்காக தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கப்பட்டது.

செலவு எவ்வளவு?

கலைஞர் நூற்றாண்டு பூங்கா திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு ரூ.100, சிறுவர்களுக்கு ரூ.50. கணவன், மனைவி, 2 பிள்ளைகள் என்றால் கேட்டிலேயே ரூ.300. ஜிப்லைன், பறவையகத்துக்குத் தனி டிக்கெட். ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் கூலியே காலி. பராமரிப்புக்குப் பணம் வேணும் என்பது உண்மைதான். ஆனால் கட்டணம் அதிகம் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது.

தொழிற்பேட்டையில் மரமே இல்லையா?

இருக்கு. பெரிய தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, நிலத்தில் 33 சதவீதம் பசுமை வளையம் வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனையாக இருந்து வந்தது. தூசியையும் சத்தத்தையும் தடுப்பதுதான் அதன் நோக்கம். அந்த மரங்கள் காம்பவுண்டு சுவருக்கு உள்ளே நிற்கின்றன. ஷிப்ட் முடிந்து வெளியே வருபவர் உட்கார அங்கே இடம் கிடையாது. கணக்கில் பசுமை, குழந்தை விளையாட இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டு கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு தானமாக எழுதித் தர வேண்டும். இதுதான் ஓஎஸ்ஆர் நிலம். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். இதனால் தெருமுனைச் சின்ன பூங்காக்கள் கிடைக்கும். 20, 30 ஏக்கர் பூங்கா தானாக வராது. அதற்கு அரசே நிலம் ஒதுக்கணும்.

எவ்வளவு இடம் தேவை?

மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல், ஒரு நபருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளியைப் பரிந்துரைக்கிறது. அதாவது 10,000 பேருக்குக் குறைந்தது 25 ஏக்கர். இந்தக் கணக்கில் 6 ஏக்கர் பூங்கா சுமார் 2,400 பேருக்குத்தான் போதும்.

இப்போது ஏன் முக்கியம்?

2022-ல் சிஎம்டிஏ எல்லை 1,189-லிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், மீஞ்சூர், திருமழிசை ஆகியவை துணை நகரங்களாக அறிவிக்கப்பட்டு புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் தயாராகின்றன. நிலம் இன்னும் காலியாக இருக்கும் நேரம் இது. நகருக்குள் ஒரு பூங்காவுக்கு நிலத்தை மீட்க எத்தனை ஆண்டு வழக்கு நடந்தது என்பதற்கு கிண்டியே சாட்சி. திட்ட வரைபடத்தில் இப்போதே பச்சை நிறம் தீட்டாவிட்டால், நாளைக்கு அங்கேயும் அதே கதைதான். வரைவுத் திட்டம் வெளியாகி மக்களிடம் கருத்து கேட்கும்போது, "எங்க ஊருக்குப் பூங்கா எங்கே?" என்று கேட்க வேண்டிய நேரமும் அதுதான்.