படத்தில் இருப்பவர் யார்?



வரும் பொங்கல் மலரில் நம் சிறுவர் சிறுமியர் தாமே எழுதித் தாமே வரைந்த படக்கதைகளுக்கு இடமளிப்பதென்று சங்கத்தின் செயற்குழு தீர்மானித்திருப்பதைச் சென்ற இதழில் கண்டிருப்பீர்கள். இதுவரை வந்து சேர்ந்த கதைகளைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கற்பனைக்குப் பஞ்சமில்லை. கடலுக்கடியில் ஓடும் ரயிலும் உண்டு; கணக்குப் பாடத்தைத் தின்றுவிடும் பூதமும் உண்டு. எனினும் ஒரு செய்தி நம் உள்ளத்தை உறுத்தியது. அதனையே இம்மாதம் இப்பகுதியில் பேச விரும்புகிறோம்.

ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் தமிழர் என்றால் நெற்றியில் மூன்று கோடு, இடுப்பில் வேட்டி, எதிரே இட்லித் தட்டு. மராத்தியர் என்றால் வெள்ளைக் குல்லாய். சீக்கியர் என்றால் தலைப்பாகையும் உரத்த சிரிப்பும். வங்காளத்தார் என்றால் மூக்குக் கண்ணாடியும் மீனும். நாட்டின் பலவகை மக்களையும் ஒரே கதையில் காட்டவேண்டும் என்னும் நல்லெண்ணம் பாராட்டுக்குரியதே. ஆனால் குல்லாயையும் தலைப்பாகையையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் நால்வர் முகமும் ஒரே முகம். வேற்றுமை துணியில் இருக்கிறதேயன்றி ஆளில் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். இப்படங்களை வரைந்த குழந்தைகளின் தந்தையரில் பெரும்பாலோர் காற்சட்டை அணிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காலை வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அவர்களை வேட்டியில் காண்பது கல்யாண வீட்டிலும் பொங்கல் அன்றும்தான். ஆகவே குழந்தைகள் தம் தந்தையைப் பார்த்து வரையவில்லை. பிறர் நம்மை வரைந்த படத்தைப் பார்த்து நம்மை வரைந்திருக்கிறார்கள். வருந்தத்தக்கது இதுவே.

அந்தப் படம் பழைய படம். 1968இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் மெஹ்மூது ஏற்ற தென்னாட்டுப் பாட்டு வாத்தியார் வேடம் நாடெங்கும் சிரிப்பை விளைத்தது. குடுமியும் திருநீறும் கொச்சை இந்தியும் சேர்ந்தால் ‘மதராஸி’ என்று பலர் மனத்தில் பதிந்துவிட்டது. இதற்காகப் பிறரை மட்டும் நோவதில் பயனில்லை. தமிழ்ப் பத்திரிகைகளின் நகைச்சுவைத் துணுக்குகளில் தொந்தியும் தலைப்பாகையுமாக அடகுக் கடையில் அமர்ந்திருந்த ‘சேட்’டையும், தேநீர்க் கடையை விட்டு வெளியே வராத ‘நாய’ரையும் வரைந்தவர்கள் தமிழர்களே அல்லவா? அவரவர் ஊரில் அவரவர் கண்ணுக்கு அயலார் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவராகவே தோன்றுகிறார்கள்.

இதனால் விளையும் கேடு யாது? நம் மும்பையையே எடுத்துக்கொள்வோம். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பல தலைமுறைகளாக வாழ்வோர் உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேறு வேறு மாவட்டங்களிலிருந்து வந்தோர் உண்டு. கோயிலுக்குச் செல்வோரும், மாதா கோயிலுக்குச் செல்வோரும், மசூதிக்குச் செல்வோரும், எங்கும் செல்லாதோரும் நம்மிடையே உள்ளனர். மூன்று கோடுள்ள அந்த நெற்றி இவர்களில் எத்தனை பேருக்குப் பொருந்தும்? பொருந்தாத குழந்தை, ‘அப்படியானால் நான் தமிழன் இல்லையா?’ என்று மயங்குகிறது. பொருந்தும் குழந்தையோ பள்ளியில் கேலிக்கு ஆளாகித் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வகுப்பினுள் நுழைகிறது. இருவருக்கும் தீங்கு செய்வது ஒரே படம்.

நிற்க. படம் வரைவதில் வல்லவர்கள் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டார்கள் என்று பார்ப்போம்.

ஆர். கே. லக்ஷ்மணின் ‘சாமானிய மனித’ரை அறியாதார் இலர். வொர்லிக் கடற்கரையில் அவருக்குச் சிலையே இருக்கிறது. மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1921இல் பிறந்து, மும்பையில் வாழ்நாளெல்லாம் வரைந்தவர் லக்ஷ்மண். நாட்டு மக்களைக் குறிக்கத் தொடக்கத்தில் அவர் ஒரு கூட்டத்தையே வரைந்து வந்தார். அக்கூட்டத்தில் இன்ன மாநிலத்தார் இன்னார் என்று தெரியும்படி ஆட்கள் இருந்தனர். நாளிதழ் வேலை, நேரமோ குறைவு. நாளடைவில் ஒவ்வொருவராகக் கழிந்து இறுதியில் ஒருவர் மட்டும் எஞ்சினார். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, வழுக்கையின் ஓரத்தில் நரைத்த மயிர், மூக்கின்மேல் கண்ணாடி. 1951இல் தோன்றிய அவர் கடைசிவரை வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை. அவர் எந்த மாநிலத்தவர்? யாராலும் கூற இயலாது. ஆனால் ஆயிரம் பேர் நடுவே நின்றாலும் அவரைக் கண்டுகொள்ளலாம். மாநிலத்துக்கு ஒருவராகக் கூட்டம் நிறுத்தியபோது கிடைக்காத உயிர், ஒரே ஆளுக்கு அவருடைய கோட்டையும் திகைப்பையும் மௌனத்தையும் கொடுத்தபோது கிடைத்தது.

அப்படியானால் ஊர் அடையாளமே கூடாதோ என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவ்வாறு நாம் கூறவில்லை. கோபுலுவின் ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். தஞ்சையில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் பயின்றவர் அவர். 1950களின் பிற்பகுதியில் கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைக்குப் படம் வரைந்தவர் கோபுலுவே. அக்கதையில் வருவோர் பெரும்பாலும் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள். ஆண்களெல்லாம் வேட்டி; பெண்களெல்லாம் சேலை. ஆடையை நம்பி ஆளைப் பிரித்துக் காட்ட வழியே இல்லை. ஆயினும் நாகஸ்வர வித்துவான் சண்முகசுந்தரத்தின் மிடுக்கு வேறு. சவடால் வைத்தியின் நெளிவு வேறு. மகள்மீது ஒரு கண்ணும் வரவுசெலவின்மீது ஒரு கண்ணுமாக இருக்கும் வடிவாம்பாளின் தோரணை வேறு. கழுத்தை நிமிர்த்துவது, கூசி வளைவது, துண்டைத் தோளில் போடுவது, கக்கத்தில் இடுக்குவது என இவற்றிலேயே மனிதர்கள் பிரிந்துவிடுகிறார்கள். ஊரின் மணமும் குறையவில்லை. ஆளின் தனித்தன்மையும் கெடவில்லை.

‘கல்கி’ 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் ஆழ்வார்க்கடியான் வருகிறான். மணியம் அவனுக்கு உருக்கொடுத்தார். குடுமி, உடம்பெல்லாம் திருமண் காப்பு, கையில் தடி. வீர வைணவர் என்னும் வகைக்குரிய எல்லாச் சின்னங்களும் அவன்மேல் உள்ளன. ஆனால் அச்சின்னங்களுக்குப் பின்னே ஓர் ஒற்றன் இருக்கிறான். சின்னத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்தவர்கள் எல்லோரும் அவனிடம் ஏமாந்து போகிறார்கள். வேடம் என்பது மனிதனுக்கு மேலே இருப்பது. மனிதன் அதற்குள்ளே இருக்கிறான். இதனை அப்பாத்திரம் அழகாக விளக்குகிறது.

இங்கு நம் அலுவல் அனுபவம் ஒன்றையும் கூறலாம். ரயில் நிலையத்தில் சிட்டெழுதும் நம்போன்றோர் அன்றாடம் காணும் துயரங்களுள் ஒன்று, கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்டுப் பெற்றோர் ஓடி வருவது. ‘குழந்தை எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் எந்தத் தாயும், ‘மதராஸிக் குழந்தை ஐயா’ என்று சொன்னதில்லை. எந்தப் பீகாரித் தாயும், ‘பீகாரிப் பிள்ளை’ என்று சொன்னதில்லை. ‘முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது’, ‘இடது புருவத்தில் தழும்பு’, ‘பயந்தால் சட்டை நுனியைக் கடிப்பான்’ என்றே சொல்வார்கள். அன்புள்ள கண் தனி ஆளைக் காண்கிறது. அக்கறையற்ற கண் வகையைக் காண்கிறது. ஓவியம் பயிலும் குழந்தைக்கு இதனைவிடச் சிறந்த பாடத்தை நாம் அறியோம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். அனந்த் பாய் 1967இல் தொடங்கிய ‘அமர் சித்திர கதா’ வரிசை, வேற்றூரில் வளரும் நம் குழந்தைகளுக்கு இராமாயணமும் பாரதமும் ஊட்டியிருக்கிறது. அந்த நன்றியை மறவோம். ஆனால் அவ்வரிசையின் பல நூல்களில் நல்லோர் வெளுத்த மேனியராகவும், அரக்கர் கருத்துப் பருத்தவராகவும் வரையப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். திரௌபதிக்குக் ‘கிருஷ்ணை’ என்னும் பெயரே அவள் கருநிறத்தால் வந்தது. அவளையும் பெரும்பாலான ஓவியர்கள் வெளுக்க வைத்துவிட்டனர். கண்ணாடியில் தன் நிறத்தைக் கண்ட குழந்தை, கதைப் புத்தகத்தில் அந்நிறத்தை அரக்கனிடம் மட்டுமே காணுமானால் அது என்ன கற்கும்? நமக்கு வந்த கதைகளிலும் இளவரசிகள் யாவரும் வெளிர் ரோஜா நிறம். கபிலநிற வண்ணக்கட்டி தேய்ந்ததெல்லாம் திருடர்களுக்கும் மரத்தின் அடிப்பகுதிக்கும்தான்.

வேற்றூர் வாழ்வோர் மறக்கலாகாத இதழ் ஒன்று உண்டு. 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’. தெலுங்கில் ‘சந்தமாமா’, இந்தியிலும் ‘சந்தாமாமா’, இவ்வாறு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வந்தது. மொழி மாறினாலும் படம் மாறவில்லை. 1952இல் அங்குச் சேர்ந்த ஓவியர் சங்கர், உருவிய வாளும் தோளில் பிணமுமாக வரைந்த விக்கிரமாதித்தனைத் தமிழ்க் குழந்தை தன் அரசன் என்றது. இந்திக் குழந்தையும் தன் அரசன் என்றது. அவ்விதழ் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சங்கரும் 2020இல் மறைந்தார். ஆனால் தந்தை தமிழிலும் பிள்ளை இந்தியிலும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே கதையைப் பேசிய வீடுகள் நம்மிடையே இருந்தன என்பதை மூத்த அன்பர்கள் அறிவார்கள். கொண்ட சொல் தவறாமல் மீண்டும் மீண்டும் முருங்கை மரத்துக்கு நடக்கும் பிடிவாதத்துக்கு எந்த மொழியாரும் சொந்தம் கொண்டாடலாம்.

இறுதியாக நம் சுப்பாண்டி. திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியனுப்பிய கதைகளிலிருந்து 1983இல் ‘டிங்கிள்’ ஆங்கில இதழில் பிறந்தவன். ராம் வாயிர்கர் என்னும் ஓவியர் அவனுக்கு நீண்ட தலையும் வெடவெடத்த உடலும் தந்தார். தமிழ்ப் பெயர் கொண்டவனை முட்டாளாக்கிவிட்டார்களே என்று குறைப்படுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சுப்பாண்டி சிரிப்பூட்டுவது தமிழனாக இருப்பதால் அன்று; சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே நிறைவேற்றுவதால். அந்த விசுவாசமும் அந்த விபரீத நியாயமும் அவனுக்கே உரியவை. பஞ்சாபிலுள்ள குழந்தையும் அவனைத் தன் தோழனாகவே கருதிச் சிரிக்கிறது. வகையைப் பார்த்துச் சிரிப்பது இழிவு. ஆளைப் பார்த்துச் சிரிப்பது நட்பு.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மலருக்குக் கதை அனுப்பக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. குழந்தைகள் வரையத் தொடங்குமுன், ‘இவர் பெயர் என்ன? எதற்குப் பயப்படுவார்? சட்டைப் பையில் என்ன வைத்திருப்பார்? கோபம் வந்தால் கையை எங்கே வைப்பார்?’ என்று கேளுங்கள். விடை கிடைத்தபின் வரையட்டும். நான்கு பேரை வரைந்தால் நால்வருக்கும் ஒரே உடையை மாட்டி, அப்பொழுதும் ஆளுக்கு ஆள் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அண்டை வீட்டு மராத்திப் பாட்டியை வரைவதானால், அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்; வந்த பிறகு அவர் மூக்குத்தியைவிட அவர் சிரிக்கும் விதம் நினைவில் நிற்கும். வீட்டிலுள்ள எல்லா நிறங்களுக்கும் வண்ணப்பெட்டியில் இடம் உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள்.

முன்னரே அனுப்பியவர்கள் விரும்பினால் திருத்தி அனுப்பலாம்; செயற்குழு இசைந்துள்ளது. வேட்டி கட்டிய தமிழரை வரையவே கூடாது என்று எவரும் எண்ணவேண்டா. தாராளமாக வரையட்டும். ஆனால் அந்த வேட்டிக்குள் இருப்பவர் தங்கள் தாத்தாவாக இருக்கட்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடி தேடும் அந்தத் தாத்தாவாகவே இருக்கட்டும். அவரை எந்த ஊர்க் குழந்தையும் உடனே அறிந்துகொள்ளும்.