கிளிக் பண்ணினா திருத்த முடியணும்

ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த கிளையண்ட் நமக்கு மெயில் போடுறார்னா, அது அவரோட அறியாமை இல்ல. ஹெட்லெஸ் சிஎம்எஸ்ல பக்கம் ஒரு இடம், ஃபீல்டு வேற இடம். எது எங்க வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால விஷுவல் எடிட்டிங்கை முதல் எஸ்டிமேட்லயே சேருங்க. சானிட்டியில பிரிவ்யூ வாசகத்தோட கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் எழுத்துகள் ஒட்டியிருக்கும். அது எந்த ஃபீல்டுல இருந்து வந்ததுங்கிற தகவல் அதுலதான் இருக்கு; கிளிக் பண்ணினதும் சரியான ஃபீல்டு திறக்கும். ஆனா 'சென்டர்'னு ஒப்பிடுற கோட் அந்த எழுத்துகளால உடையும். அங்க ஸ்டேகாகிளீன் போடுங்க. லைவ் தளத்துல மொத்தமா அணைச்சிடுங்க.

சின்னத் திருத்தத்துக்கெல்லாம் பில் போடுறதும் வருமானம்தான். ஆனா தன் பக்கத்தைத் தானே மாத்த முடியாத கிளையண்ட், அடுத்த தடவை வேற ஆளைத்தான் தேடுவார்.