மெருகுக்குக் கீழே உள்ள நீலம்

வீடு மந்திரிக்கச் செல்லுமிடங்களில் கண்ணாடி அலமாரிகள் நம் கண்ணில் படுவதுண்டு. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில், துறைமுகத்திலும் கப்பல்களிலும் உழைத்த பாட்டன்மார் விட்டுச்சென்ற பீங்கான் பாத்திரங்கள் சில இல்லங்களில் இன்றும் பேணப்படுகின்றன. அவற்றுள் பழைய ஜப்பானியக் கிண்ணம் ஒன்று இருக்குமாயின் உற்றுப் பாருங்கள். விளிம்பிலுள்ள பொன்பூச்சு தேய்ந்திருக்கும், சிவப்பு மங்கியிருக்கும், நீலக் கொடிகளோ நேற்று வரைந்தவைபோல் இருக்கும். ஒரே கிண்ணத்தில் ஏன் இந்த வேறுபாடு?

இத்தகைய கிண்ணங்களை ‘இமாரி’ என்பர். ஜப்பானின் தென்மேற்கிலுள்ள அரீத்தா என்னும் ஊரில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொரியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட குயவர்கள் இத்தொழிலைத் தொடங்கினர். சரக்கு கப்பலேறிய துறைமுகம் இமாரி. அப்பெயரே பாத்திரத்துக்கும் நிலைத்தது. நமக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டுக் கைக்குட்டைத் துணியை ஐரோப்பியர் ‘புலிக்காட்’ என்றே அழைத்தது போலத்தான் இதுவும். 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனியார்தாம், அந்நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அரீத்தாப் பீங்கானைக் கடல்கடந்து கொண்டுசென்றனர்.

இனி, அதைச் செய்யும் முறையைக் காண்போம். வனைந்த கிண்ணத்தின்மேல் கலைஞன் முதலில் கோபால்ட் மையால் வரைகிறான். அப்போது அது அழகற்ற கருஞ்சாம்பல் நிறமாகவே தோன்றும். பின்னர், கற்பொடியும் மரச்சாம்பலும் நீரில் கலந்த மெருகுக் குழம்பில் கிண்ணத்தை முக்கி எடுக்கிறான். வெண்ணிறக் குழம்பு ஓவியம் முழுவதையும் மூடிவிடுகிறது. பட்ட பாடெல்லாம் பாழாயிற்றோ என்று பார்ப்பவர் எண்ணுவர். ஆனால் சூளையில் ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் அக்குழம்பு உருகிக் கண்ணாடியாகிறது. மறைந்த ஓவியம் நீலமாய் ஒளிவிட்டு வெளிப்படுகிறது. சிவப்பையும் பொன்னையும் அதன்பிறகே மேலே தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவர். மேலே இருப்பதால் அவை கைபட்டுத் தேய்கின்றன. மெருகுக்குக் கீழே உள்ள நீலத்தை எக்கையும் தீண்ட இயலாது.

அரீத்தாவுக்கு அண்மையிலுள்ள நாகசாகிப் பகுதியின் திருச்சபை வரலாறும் இத்தகையதே. 1545-இல் மயிலையில் புனித தோமையாரின் கல்லறையருகே செபித்த புனித சவேரியார், 1549-இல் ஜப்பானில் விசுவாச வித்தை ஊன்றினார். 1597-இல் நாகசாகிக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். நம் நாட்டு வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். 1614-இல் கிறிஸ்தவ மறை நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. குருக்கள் துரத்தப்பட்டனர், கோவில்கள் இடிக்கப்பட்டன. வெள்ளைக் குழம்பு ஓவியத்தை மூடியது போல் அனைத்தும் மூடப்பட்டுப் போயிற்று.

ஆயினும் குடும்பங்கள் விசுவாசத்தைக் காத்தன. ஊருக்கு ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் திருநாள்களைக் கணக்கிட்டு அறிவித்தார். சீனாவிலிருந்து வந்த வெண்பீங்கான் கன்னோன் உருவங்களின் முன்னே தேவ அன்னையை நினைத்து முழந்தாளிட்டனர். பெற்றோரின் வாயிலிருந்து பிள்ளைகள் செபங்களைக் கற்றனர். 1865 மார்ச் 17-ஆம் நாள், நாகசாகியில் புதிதாய் எழுந்த ஓரா ஆலயத்திற்கு உரக்காமி சிற்றூரார் சிலர் வந்தனர். அங்கிருந்த பெத்தித்ஜான் சுவாமியாரிடம் தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே எனக் கூறி, மாதா சுரூபம் எங்கே என்று வினவினர். குருவானவர் இன்றி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காக்கப்பட்ட விசுவாசம் அன்று வெளிப்பட்டது. அதன்பின்னும் அவர்களுக்குச் சோதனை வந்தது. உரக்காமி மக்கள் 3,000-க்கும் மேற்பட்டோர் ஊர்கடத்தப்பட்டனர். 1873-இல்தான் தடை நீங்கியது.

அன்புள்ள பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு நாம் தீட்டும் வண்ணம் எது? புதுநன்மைக்கு வெண்ணுடை, மாலை, புகைப்படம், விருந்து ஆகியவற்றைக் குறைவின்றிச் செய்கிறோம். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை; பொன்விளிம்பும் அழகே. ஆனால் அடியில் நீலம் தீட்டப்பட்டுள்ளதா? ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு ஒரு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் பிள்ளை உங்கள் கையில் இருக்கிறது. தந்தை ஆலையில் இரவு முறை வேலையிலோ, படகில் கடல்மேலோ இருப்பார் என்பதை நாம் அறிவோம். இருப்பவர் தொடங்கட்டும், தாயோ பாட்டியோ பிள்ளையின் கைபிடித்துச் சிலுவை அடையாளம் வரையட்டும். மாலையில் பத்து மணிச் செபமாலையாவது வீட்டில் ஒலிக்கட்டும்.

நாளை அப்பிள்ளை வேலை தேடி வளைகுடா நாட்டிற்கோ, கோவிலும் குருவும் அருகில் இல்லாத ஊருக்கோ செல்லக்கூடும். சூளை எங்கே, எப்போது என்று நமக்குத் தெரியாது. சூளைக்குள் சென்றபின் அடியில் வரைய எந்தக் கலைஞனாலும் இயலாது. வண்ணக்கோல் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.