நம்பிக்கையையும் கேட்டறிக!

கட்டிலில் கிடப்பவனிடம் கடவுளைப் பற்றிக் கேட்பதா? காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டிய நர்சுக்கு, நோயாளி கோயிலுக்குப் போகிறவனா, மசூதிக்குப் போகிறவனா, எங்குமே போகாதவனா என்ற ஆராய்ச்சி எதற்கு? இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பதிலும் உண்டு.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி ஒருவர் ரம்ஜான் நோன்பு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் உணவில்லை, ஊசி மட்டும் பழைய அளவில்! சர்க்கரை இறங்கும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டிக் கேட்டிருந்தால், நோன்பு இருக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று டாக்டர் சொல்லியிருப்பார். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவினர் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொள்ள மறுப்பவர்கள். ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்த பிறகா இதையெல்லாம் தெரிந்துகொள்வது?

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்சு, பிறகு டாக்டர். சாகும் தறுவாயில் இருப்பவரின் வலி உடம்போடு நிற்பதில்லை. மனத்திலும், குடும்பக் கவலையிலும், வாழ்ந்ததற்குப் பொருள் என்ன என்ற ஏக்கத்திலும் அது பரவிக் கிடக்கிறது என்று எடுத்துக் காட்டினார். அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் சக டாக்டர்களுடன் சேர்ந்து ஒரு கேள்விமுறை வகுத்தார். அதன் சாரம் நான்கு: உங்களுக்குத் தெம்பு தரும் நம்பிக்கை எது? வாழ்வில் அது எவ்வளவு முக்கியம்? உங்களுக்குத் துணை நிற்கும் கூட்டம் எது? சிகிச்சையில் இதை நாங்கள் எப்படிக் கவனிக்க வேண்டும்?

கடவுளை ஏற்காதவனும் இந்த நான்குக்கும் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். சங்கமே என் துணை என்பவன் சங்கத்தைச் சொல்லட்டும். பிரார்த்தனை வேண்டாம் என்றால், வேண்டாம்தான்!

ஆனால் ஒன்று: கேட்பது வேறு, திணிப்பது வேறு. நர்சு தன் மதத்தைப் பரப்பவும் கூடாது. நோயாளியின் நம்பிக்கையைக் கேலி செய்யவும் கூடாது. பெயரைப் பார்த்தே மதத்தை எழுதிக்கொள்வது சோம்பேறித்தனம். கிடைத்த பதிலை வைத்து ஒருவருக்கு ஒரு கவனிப்பு, இன்னொருவருக்கு வேறு கவனிப்பு என்பது அக்கிரமம்! மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தருகிறது. ஆஸ்பத்திரி வாசலோடு அது முடிந்துவிடுவதில்லை.

சரி, கேட்பதற்கு நேரம் வேண்டாமா? ஒரு வார்டின் பாரத்தையே ஒரு நர்சின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, பரிவாகப் பேசவில்லையே என்று அவரைக் குறை சொல்வது என்ன நீதி? ஊசி போடவே ஓடுகிறவர் உட்கார்ந்து கேட்பது எப்போது? எனவே காலி இடங்களை நிரப்பு. கேட்கும் முறையைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடு என்பது நர்சுகளின் கோரிக்கையாக மட்டும் இருக்கக் கூடாது. நோயாளியாகப் போகும் ஒவ்வொரு தொழிலாளியின் கோரிக்கையாகவும் ஆக வேண்டும்.

பாட்டாளி ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது செருப்பை வெளியே விடலாம். மனச்சாட்சியை விட்டுவிட்டு வரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை!